செட்டிநாட்டு வீட்டில் திருவாசகம் முற்றோதல்: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு முற்றோதல் நடத்தினேன். காலை 7 மணிக்கு ஆரம்பித்து மாலை 5 மணிக்கு நிறைவு என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தேன். முடிந்தது இரவு 9.40-க்கு. கடைசி அச்சோப்பதிகம் பாடும்போது மண்டபத்தில் பதினோரு பேர் இருந்தோம். அதிலும் மூன்று பேர் பந்தல்காரர் ஆட்கள். நாங்கள் எழுந்தால் ஜமுக்காளத்தைச் சுருட்டலாம் என்று தூணோரம் காத்திருந்தவர்கள்.

போன வருடம் மறுபடி நடத்தினேன். மாலை 4.45-க்கு நிறைவு, கடைசிவரை எழுபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். செலவும் முதல் வருடத்தைவிடக் குறைவு. நடுவில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். அப்பச்சி (அப்பா) நினைவுக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பதற்கு என்று முற்றோதல் வைக்க நினைக்கிற யாருக்கும் இது உதவும்.

முற்றோதல் என்றால் திருவாசகத்தின் 51 பதிகங்களையும், 658 பாடல்களையும், ஒரே நாளில், வந்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடி முடிப்பது. கச்சேரி மாதிரி மேடையில் நான்கு பேர் பாட மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற விஷயம் இது இல்லை. நூறு பேர் ஒரு குரலாகப் பத்து மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். நான் முதல் வருடம் பூவுக்கும் பேனருக்கும் பாயசத்துக்கும் அலைந்தேன். தொண்டைக்கு எதுவும் செய்யவில்லை.

1. இடம்: கோயிலா, வீடா?

கோயில் என்றால் முதல் கேள்வி, மதியம் நடை சாத்துவார்களா என்பது. நம் பக்கம் பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 அல்லது 12.30 வாக்கில் சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். முதல் வருடம் நான் விழுந்த குழி இதுதான். “மண்டபத்தில்தானே பாடுறீங்க, பாடுங்க” என்று வாயால் சொன்னார்கள். அன்றைக்கு 12.30-க்கு வெளிக்கதவைப் பூட்ட ஆள் வந்து நின்றார். நீத்தல் விண்ணப்பம் பாதியில் நிற்க, எல்லாரும் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். 4 மணிக்குத் திரும்ப வந்தது பாதிப் பேர்.

எனவே கோயிலில் நடத்துவதானால், மதியமும் மண்டபம் திறந்திருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு மனு. நகரத்தார் பொறுப்பில் உள்ள கோயில் என்றால் அப்போது காரியம் பார்க்கிற அறங்காவலருக்கு. மனுவில் தேதி, நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, அன்னதானம் எங்கே, மறுநாள் யார் கழுவிவிடுவது என்று ஆறு விஷயமும் இருக்கட்டும். பணம் கட்டச் சொன்னால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வீடு என்றால் நேரச் சிக்கல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் வேறு சிக்கல் இருக்கிறதே! அதை 3-ஆவதில் சொல்கிறேன்.

2. தேதி

மூன்று மாதம் முன்பே குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. சென்னையிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமை பல்லவன் ரயிலில் இரவு காரைக்குடி வந்து இறங்கி, ஞாயிறு ராத்திரி ரயிலைப் பிடித்து விடுவார்கள். மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அந்த ரயிலும் ஒரு காரணம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்:

தைப்பூசத்துக்கு முந்தைய பத்து, பன்னிரண்டு நாள். காவடியோடு பழனிக்கு நடைபோகிறவர்கள் அத்தனை பேரும் வழியில் இருப்பார்கள். உங்களுக்குக் குரல் கொடுக்கக்கூடியவர்களும் அவர்களேதான்.

பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆவது நாள், இழை எடுக்கிற அன்று, சாயங்காலம் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஆனி மகம். மாணிக்கவாசகர் குருபூசை. பொருத்தமான நாள்தான், ஆனால் அன்றைக்கு எந்த அடியார் குழுவும் கிடைக்காது. ஆறு மாதம் முன்பே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

சித்திரை, வைகாசி. வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாலையில் (கூடத்தில்) உட்கார முடிந்தாலும் வளவில் (நடு முற்றத்தில்) உட்கார முடியாது.

பெரிய முகூர்த்த நாள். சமையல்காரர், மைக் செட், வேன் மூன்றும் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஒன்றரை மடங்கு.

நான் இரண்டாவது முறை ஆவணி கடைசியில் வைத்தேன். மழை ஒரு தூறலோடு போய்விட்டது. மாசி முதல் பாதியும் நல்ல நேரம்தான். பிற்பாதியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா தொடங்கிவிடும், பால்குடம் எடுக்கிறவர்களைக் கூப்பிட முடியாது. வேலை நாளில் வைப்பதானால் அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எழுத்தில் வாங்க வேண்டியவை

முதலில் பங்காளிகள். நம் வீடுகளில் அறைதான் அவரவருக்கு. முகப்பும் பட்டாலையும் வளவும் பொது. எங்கள் வீட்டில் ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம். ஒருவர் மலேசியாவில், இருவர் சென்னையில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே அவருடைய மகளிடம் கேட்டுத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் அனுப்பினேன்: இந்தத் தேதியில் பொதுப் பகுதியில் முற்றோதல், செலவு முழுக்க என்னுடையது, சேதம் ஏதும் வந்தால் நான் பொறுப்பு. “சரி” என்று பதில் வரும்வரை அடுத்த வேலையைத் தொடவில்லை. “அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்” என்று நினைத்து விட்டுவிடுகிற பங்காளிதான் அன்று காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று “எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?” என்பார். சாவி யார் யாரிடம் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாங்கட்டுச் சாவி இல்லாமல் சமையல் எங்கே நடக்கும்?

அடுத்து காவல் நிலையம். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூடம் இருப்பதால் வெளியே பெட்டியே வைக்காமல் வளவுக்குள் மட்டும் நான்கு வைத்தோம். கூம்புக் குழாய் கட்டவே கட்டாதீர்கள், கழற்றச் சொல்வார்கள்.

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். உங்கள் ஆதார் நகல், மைக் செட்காரர் பெயரும் போன் எண்ணும், எத்தனை பெட்டி, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை. ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் முன்பு கொடுத்தால் இரண்டு நடையில் முடியும். முதல் நாள் போய் நின்றால் அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்.

தெருவில் பந்தல் போட்டால் பேரூராட்சியோ ஊராட்சியோ, அங்கேயும் ஒரு மனு. வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டால் இது தேவையில்லை.

சமையல்காரரிடம் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுச் சான்றின் நகல் ஒன்று வாங்கி வையுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

4. யார் முன்னின்று பாடுவது?

மதுரை, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று பல ஊர்களில் முற்றோதல் செய்யும் அடியார் குழுக்கள் இருக்கின்றன. ஐந்து முதல் பத்துப் பேர் வருவார்கள். பெரும்பாலும் தொகை பேச மாட்டார்கள். வண்டியும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்பார்கள். அதற்காக வெறும் கையோடு அனுப்பலாமா? தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பது உங்கள் மனம்.

ஒப்புக்கொள்ளும் முன் அவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுவீர்கள்? வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வைப்பீர்களா, சேர்ந்தே பாடுவீர்களா? நடுவில் விளக்கம் சொல்வீர்களா? எந்தப் பதிப்பு?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு பதிகத்துக்கும் ஐந்து நிமிடம் பொருள் சொன்னால் 51 பதிகத்துக்கு நான்கே கால் மணி நேரம். நல்ல விளக்கம்தான், ஆனால் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பதிப்பு விஷயத்தில் நான் பட்டது பெரிய பாடு. முதல் வருடம் “அவரவர் புத்தகம் கொண்டு வரவும்” என்று போட்டேன். ஒருவரிடம் சீர் பிரித்தது, ஒருவரிடம் பிரிக்காதது, ஒரு ஆச்சியிடம் அவருடைய ஆத்தா வைத்திருந்த, மேலட்டை போன புத்தகம். பக்க எண் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. போதாததற்குப் பாடபேதம், ஒரே வரியை மூன்று விதமாகப் பாடினோம். இப்போது சீர் பிரித்த, பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றையே நாற்பது பிரதி வாங்கி, இருவருக்கு ஒன்று என்று கொடுத்துவிடுகிறேன். பக்க எண்ணைச் சொல்லுவதற்கென்றே ஒரு பையனை மைக் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

5. சுருதி

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் பாதி வெற்றி.

முதல் வருடம் முன்னின்று பாடியவர் நல்ல குரல்காரர். 4 கட்டையில் எடுத்தார். ஆண்களுக்கு மேலே போனால் எட்டவில்லை, கீழே இறங்கினால் குரல் கிணற்றுக்குள் போனது. சிவபுராணம் முடிவதற்குள் பாதி ஆண்கள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். திருச்சதகத்தில் அதுவும் நின்றுபோனது.

ஆணும் பெண்ணும் கலந்து பாடுகிற இடத்தில் 1 கட்டை அல்லது ஒன்றரைக் கட்டை வையுங்கள். ஆண்கள் தங்கள் இயல்பான குரலில் பாடுவார்கள், பெண்கள் அதற்கு நேர் மேல் ஸ்தாயியில் பாடுவார்கள், யாருக்கும் இழுபறி இல்லை. வயதான ஆச்சிமார் மேலே எட்டாவிட்டால் ஆண்களோடு சேர்ந்து கீழேயே பாடிக்கொள்வார்கள். தனியாகப் பாடும்போது 5 கட்டையில் பிரமாதமாகப் பாடுகிற பெண் உங்கள் வீட்டில் இருக்கலாம். அன்றைக்கு அவரும் இறங்கி வரத்தான் வேண்டும்.

திருவாசகத்தை மோகனத்தில் பாடுவதே மரபு. ஐந்தே சுரம், மத்திமமும் நிஷாதமும் கிடையாது. சங்கீதம் தெரியாதவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ள முடிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இளையராஜா 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வெளியிட்டதைக் கேட்டுவிட்டு வருகிற இளைஞர்கள் அந்த மெட்டில் பாட ஆசைப்படுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது பயிற்சி பெற்ற குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் அமைத்தது. வளவில் உட்கார்ந்து 658 பாட்டும் பாடி முடிக்க மோகனம்தான் தாங்கும்.

சுருதிப்பெட்டி காலையிலிருந்து கடைசிவரை ஓடட்டும். செல்போன் செயலியே போதும், ஆனால் சார்ஜரில் போட்டு, விமானப் பயன்முறையில் வையுங்கள். எங்களுக்கு அண்டப்பகுதி நடுவில் ஒரு வங்கிக் கடன் அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. சுருதியை நிறுத்தினால் கூட்டம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், யாருக்கும் தெரியாது. அதேபோலச் சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க வேகம் கூடும். சாம்பார் வாசனை வரும்போது திருப்பூவல்லி ஓட ஆரம்பித்துவிடும். முன்னிற்பவர் பிடித்து நிறுத்த வேண்டும்.

முன்னதாக நான்கு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஒத்திகை வையுங்கள். எல்லாரும் வர வேண்டாம். நன்றாகப் பாடக்கூடிய பத்துப் பேர் வந்தால் போதும். அன்றைக்கு அந்தப் பத்துப் பேரையும் ஒன்றாக உட்கார வைக்காமல் கூட்டத்துக்குள் பரவலாக உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு தைரியமான குரல் கேட்டால் கூச்சப்படுகிறவரும் வாய் திறப்பார்.

6. நேரக் கணக்கு

சேர்ந்து பாடினால் ஒரு பாட்டுக்குச் சராசரி 40 விநாடி ஆகிறது, நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முதல் நான்கும் (சிவபுராணம், கீர்த்தித் திருவகவல், திருவண்டப்பகுதி, போற்றித் திருவகவல்) நீண்ட பாட்டுகள். மொத்தம் 648 வரி, ஒரு மணி நேரம். மீதியைக் கூட்டினால் பாடல் நேரம் மட்டும் எட்டே கால் மணி. வரிக்கு வரி திருப்பிச் சொன்னால் இது அப்படியே இரட்டிப்பாகும். முதல் வருடம் காலையில் எங்களுக்கு ஆனது அதுதான்.

இப்போது நாங்கள் வைத்திருக்கிற அட்டவணை:

காலை 6.00 சிற்றுண்டி. 6.45 விநாயகர் வணக்கம், விளக்கேற்றுதல். 7.00 சிவபுராணம். யார் வந்தாலும் வராவிட்டாலும் 7.00. 8.00-க்குத் திருச்சதகம், நூறு பாட்டு. 9.10-க்குக் கால் மணி நேர இடைவேளை. 9.25 நீத்தல் விண்ணப்பம். 10 மணியிலிருந்து திருவெம்பாவை தொடங்கித் திருப்பொன்னூசல் வரை. 12.05 சாப்பாடு. 12.50-க்கு அன்னைப்பத்து. 3 மணிக்கு இன்னொரு கால் மணி நேரம். 4.40 வாக்கில் அச்சோப்பதிகம். பிறகு “வான்முகில் வழாது பெய்க” வாழ்த்து, தீபாராதனை.

சாப்பிடப் போகும்போது 51-இல் 16 பதிகம்தான் முடிந்திருக்கும். “ஐயோ, இன்னும் 35 இருக்கே” என்று சிலர் பையை எடுக்க ஆரம்பிப்பார்கள். அப்போது மைக்கில் சொல்லுங்கள்: முன்னால் இருக்கிற பதிகங்கள் இருபது பாட்டு, ஐம்பது பாட்டு, நூறு பாட்டு, பின்னால் வருபவை பெரும்பாலும் பத்துப் பத்துப் பாட்டு. பாடல் கணக்கில் பாதி தாண்டியாயிற்று. இதை நான் ஒரு அட்டையிலேயே எழுதித் தூணில் ஒட்டிவிட்டேன்.

திருப்பிச் சொல்லும் சுகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. “ஏலோர் எம்பாவாய்”, “உந்தீபற”, “தெள்ளேணம் கொட்டாமோ”, “பூவல்லி கொய்யாமோ” என்று ஒவ்வொரு பாட்டும் ஒரே சொல்லில் முடிகிற பதிகங்களில், முதல் வரிகளை முன்னிற்பவர் பாட, முடிப்பை மட்டும் கூட்டம் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் அந்த இடங்களுக்குத்தான் காத்திருப்பார்கள். உந்தியார் பாடும்போது எங்கள் வளவு முழுக்கக் கைதட்டல்.

திருச்சாழலை இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பெண்கள் பேசுகிற பதிகம். ஒருத்தி, நீறு பூசுகிறான், பாம்பை அணிகிறான், இவன் என்ன கடவுள் என்று கேட்க, மற்றவள் பதில் சொல்லி “சாழலோ” என்று முடிப்பாள். பட்டாலைப் பக்கம் கேள்வி, எதிர்ப்பக்கம் பதில். பாதியில் மாற்றிக்கொள்ளலாம்.

7. “நம்பிக்கை இல்லாதவன் வரலாமா?”

போனில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: தீட்சை வாங்கியிருக்க வேண்டுமா, நேற்று கறி சாப்பிட்டேனே, நாங்கள் வைணவமாச்சே, என் மகனுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாதே.

வீட்டில் நடப்பதற்குத் தீட்சை வேண்டியதில்லை. குளித்துவிட்டு வந்தால் சரி. நீறு பூசுவதை யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். தட்டை வாசலில் வைத்துவிடுங்கள், விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்வார். அடியார் குழுவுக்கென்று சில நியமங்கள் இருக்கலாம், அதை முன்கூட்டியே கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு யாரையும் வாசலில் வைத்து முகம் வாட வைக்கக் கூடாது.

கடைசிக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை, ஏனென்றால் நானே அந்த மகன்தான். முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கோயிலுக்குப் போனால் உண்டியலையும் ரசீதையும் பார்க்கிற கண். அப்பச்சி போன பிறகு ஆத்தா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: “வீட்டில் ஒரு நாள் திருவாசகம் கேட்கணும்ப்பா.” அதற்காகத்தான் இறங்கினேன். சாழலில் என்னை அறியாமல் நான் கேள்விப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கேள்வியும் அந்தப் பதிகத்துக்குள்ளேதான் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் ஓதுகிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒத்திகைக் காலத்தில் ஒரு நாள் அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில் போய் வாருங்கள். திருப்பெருந்துறை என்று திருவாசகம் பாடுவது அந்த ஊரைத்தான். கருவறையில் ஆவுடையார் மட்டும் இருக்கும், மேலே லிங்கம் கிடையாது. எதிரே நந்தியும் கிடையாது. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, எழுகிற ஆவியைத்தான் படைப்பார்கள். என் பக்கத்தில் நின்ற மகன் “அங்கே யாருமே இல்லையேப்பா” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் முற்றோதலுக்கு வந்தான், பக்க எண் சொல்கிற வேலை அவனுடையது.

மைக் செட் தம்பி தேவகோட்டைக்காரர். தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறவராம். அன்றைக்கு மட்டும் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தார். மதியத்துக்கு மேல் கூட்டம் சோர்ந்தபோது பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கனமான குரல் சரியான சுருதியில் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர்தான். “ராகம் புடிபட்டுருச்சுண்ணே” என்றார்.

8. வளவும் எதிரொலியும்

நம் வீட்டுச் சுவர்கள் முட்டை வெள்ளைப் பூச்சில் கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான கூரை. கைதட்டிப் பாருங்கள், சத்தம் சுற்றிச் சுற்றி வரும். நூறு குரலும் நான்கு பெட்டியும் சேர்ந்தால் சொல் ஒன்றும் விளங்காது.

மைக் செட்காரர்கள் சத்தம் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார்கள். குறைக்கச் சொல்லுங்கள். முன்னிற்பவருக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று, மூன்று மைக் போதும். பெட்டிகள் சிறியவையாக, தாழ்வாக, ஆட்களைப் பார்த்து இருக்கட்டும். சுவரோரம் ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள். தரையிலும் இரட்டையாக விரியுங்கள். வளவின் திறந்த பகுதிக்கு மேலே துணிப் பந்தல் போட்டால் வெயிலும் தடுக்கும், எதிரொலியும் குறையும். முதல் நாள் மாலையே கட்டி, பத்துப் பேரைப் பாட வைத்துப் பார்த்துவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு இருபது நாற்காலியாவது தேவைப்படும். அவற்றை ஒரு மூலையில் ஒதுக்காமல் வரிசைக்குப் பின்னாலேயே போடுங்கள்.

9. சாப்பாடு

இங்கே நம் பெருமையை அடக்கிக்கொள்ள வேண்டும். மதியம் இலை நிறையப் போட்டு, பாயசமும் வடையும் வைத்தால் 1 மணிக்குக் குயிற்பத்தைக் குறட்டையோடு பாட வேண்டியிருக்கும். காலை இட்லி, வெண்பொங்கல். மதியம் சாம்பார் சாதம், ஒரு கூட்டு, தயிர் சாதம், ஊறுகாய். கவுனி அரிசி இனிப்பு, வடை எல்லாம் 5 மணிக்கு, முடிந்த பிறகு. அதைச் சொல்லிவிட்டால் யாரும் நடுவில் போக மாட்டார்கள் என்பதும் ஒரு தந்திரம்.

வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா என்று அடியார் குழுவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டைக்கு இளஞ்சூடான தண்ணீர் நாள் முழுக்க இருக்க வேண்டும். இரண்டு இடைவேளையிலும் சுக்கு மல்லிக் காப்பி, பனங்கற்கண்டு போட்டது. ஐஸ் தண்ணீரும் குளிர்பானமும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. கழிப்பறை எத்தனை வேலை செய்கிறது என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடென்றால் குழாய்க்காரரை வரவழைத்தே ஆக வேண்டும்.

10. செலவு

தொண்ணூறு பேருக்கு, வீட்டில், போன வருடம் எனக்கு ஆனது:

மூன்று வேளைச் சாப்பாடு, சரக்கும் கூலியும் சேர்த்து 27,000 ரூபாய். மதுரையிலிருந்து அடியார் குழு வந்து போக வேன் 7,500. தாம்பூலத்தில் வைத்தது 5,000. பந்தல், ஜமுக்காளம், நாற்காலி 6,000. மைக் செட் 5,500. வீடு கழுவித் துடைக்க, குழாய் சரிசெய்ய 4,000. பூவும் பூசைச் சாமானும் 3,200. புத்தகம் நாற்பது பிரதி 3,200. தண்ணீர் கேன் 420. மொத்தம் 61,820.

முதல் வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஃப்ளெக்ஸ் பேனர், வந்தவர்களுக்கெல்லாம் துண்டு, வீடியோக்காரர், இரவுச் சாப்பாட்டை அவசரமாக வெளியில் வாங்கியது என்று போயிற்று. வீடியோவை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருவரே எல்லாச் செலவையும் ஏற்பது நல்லது. பங்கு போட்டால் பிறகு கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். சரியாக எழுதினாலும் யாராவது ஒருவர் பூ எதற்கு இவ்வளவு என்பார். பங்காளிகள் கொடுத்தே தீருவேன் என்றால் ஆளுக்கொரு பொருளாகக் கேளுங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் புத்தகம், ஒருவர் வேன்.

11. மறுநாள்

பாத்திரங்களை எண்ணி வாங்கும்போது சமையல்காரரும் கூட இருக்கட்டும். ஜமுக்காளத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் பந்தல்காரர் பிடித்தம் செய்வார், விரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே, அன்றைக்கே.

புத்தகம் நாற்பதில் எனக்கு முப்பத்து மூன்றுதான் திரும்பி வந்தது. தேட வேண்டாம் என்று ஆத்தா சொல்லிவிட்டார்கள். இந்த வருடத்துக்கு ஏழு பிரதி புதிதாக எழுதி வைத்திருக்கிறேன், 560 ரூபாய்.